சரவணப் பொய்கையை விட்டு வந்த பிள்ளை: ஏரிக்கரை வீட்டை வித்துட்டு அழுறவங்களுக்கு ஒரு ஆடிக்கிருத்திகைப் பதிவு

ஓம் சரவணபவ 🙏
வேலும் மயிலும் துணை



போன வாரம் ஒரு தங்கச்சி மெசேஜ் பண்ணியிருந்தாங்க. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு ஏரிக்கரையில அவங்க வீடு. அடுத்த வாரம் பத்திரப் பதிவு. "அண்ணா, ராத்திரி எல்லாம் அழுகையா வருது. செங்கல்லுக்கும் சிமெண்டுக்கும் அழுறியேன்னு வீட்டுல திட்டுறாங்க. முருகன் கோவணத்தோட மலையில நின்னவரு. அவரைக் கும்பிடுற நான் ஒரு வீட்டுக்காக இப்படி அழுறது தப்பா?"

இந்தக் கேள்விக்கு வாய்ஸ் நோட்ல பதில் சொல்லலாம்னு மூணு தடவை ரெக்கார்ட் பண்ணி மூணு தடவையும் அழிச்சுட்டேன். ஏன்னா போன வருஷம் ஆவணியில நாங்களும் எங்க ஏரிக்கரை வீட்டை வித்தோம். அந்தப் பத்திரத்துல என் கட்டைவிரல் ரேகை இருக்கு. அதனால உட்கார்ந்து எழுதிடலாம்னு தோணுச்சு. இன்னைக்கு ஆடிக்கிருத்திகை வேற. இந்த விஷயத்தைப் பேச இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது. ஏன்னு கீழ சொல்றேன். கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

*எங்க வீடு*

ஒரகடம் பக்கத்துல ஒரு கிராமம். காஞ்சிபுரம், செங்கல்பட்டு பக்கத்தையே ஏரி மாவட்டம்னு சொல்லுவாங்க இல்லையா, அந்த ஏரிகள்ல ஒண்ணு எங்க வீட்டுக்குப் பின்னாடி. பின்கதவைத் திறந்தா ஒரு கொய்யா மரம், ஒரு முருங்கை, துவைக்கிற கல், அப்புறம் கரை. கரை ஏறினா தண்ணி. ஐப்பசி மழை பிடிச்சு கார்த்திகையில கலங்கல் வழிஞ்சுதுன்னா அந்தச் சத்தம் படுக்கை வரைக்கும் கேக்கும். சித்திரை வைகாசியில நடு ஏரியில மாடு மேயும், பசங்க கிரிக்கெட் ஆடுவாங்க. எனக்கு நீச்சல் கத்துக்கொடுத்தது அந்த ஏரி. சைக்கிள் கத்துக்கொடுத்தது அந்தக் கரை.

நான் பொறந்தப்ப அது ஓட்டு வீடு. இருங்காட்டுக்கோட்டையில ஹூண்டாய் ஆலைக்கு அடிக்கல் நாட்டினது 1996. அதுக்கப்புறம் சிப்காட், ஒண்ணு பின்னாடி ஒண்ணா கம்பெனிகள். 2010-ல ஒரகடத்துல ரெனோ நிசான் ஆலை. அப்பா கம்பெனி பஸ் ஓட்டினாங்க. அந்தச் சம்பளத்துல ஓடு போய் தளம் வந்துச்சு, மாடியில ஒரு ரூம் வந்துச்சு. மாடி ரூமுக்கு ஏரியைப் பாத்த மாதிரி ஜன்னல் வைக்கணும்னு அப்பா பிடிவாதமா நின்னாங்க. கொத்தனார் "மழைச்சாரல் அடிக்கும், வேணாம்"னு சொன்னாரு. அடிச்சுது. ஒவ்வொரு மழைக்கும் அந்த ஜன்னலுக்குக் கீழ பழைய லுங்கியை மடிச்சு வைப்போம். 2015 டிசம்பர் மழையில கரைக்கு இந்தப் பக்கமே முழங்கால் தண்ணி. நாலு நாள் அந்த மாடி ரூம்லதான் எல்லாரும் இருந்தோம்.

அப்புறம் அப்பாவுக்குக் கிட்னி போச்சு. ரெண்டு வருஷம் டயாலிசிஸ். அரசாங்கக் காப்பீடு கை கொடுத்தது பாதி. போக்குவரத்து, மருந்து, அப்பா சம்பளம் நின்னது, தங்கச்சி படிப்புன்னு மீதி எல்லாம் கடன். அப்பா போனப்ப அந்த வீடும், அந்த வீட்டு மேல வட்டியும்தான் மிச்சம். அம்மா தனியா அந்த வீட்டுல, நான் ஷிப்டுல. இதுதான் நிலைமை. எங்கள யாரும் ஏமாத்தல. யாரும் துரத்தல. கணக்கு போட்டுப் பாத்தோம், விக்கிறதைத் தவிர வேற வழி தெரியல. அதுதான் இன்னும் வலிச்சுது. கோவிச்சுக்கறதுக்குக் கூட ஆள் இல்ல.

*வல்லக்கோட்டையில நான் போட்ட பேரம்*

எங்களுக்கு இஷ்ட தெய்வம், காவல் தெய்வம் எல்லாம் வல்லக்கோட்டை சுப்பிரமணிய சுவாமிதான். போனவங்களுக்குத் தெரியும், சுமார் 7 அடி உயர மூலவர். நிமிர்ந்து பாத்தாதான் முகம் தெரியும். அந்தத் தல புராணம் நாட்டை இழந்த ராஜாவோட கதை. பகீரத மகாராஜா தன்னோட ராஜ்ஜியத்தை இழந்து காட்டுல அலைஞ்சாரு. துர்வாச முனிவர் சொன்னபடி வெள்ளிக்கிழமை விரதம் இருந்து இந்த முருகனை வழிபட்டாரு. இழந்த நாடு திரும்பக் கிடைச்சுது. அதனாலதான் இன்னைக்கும் வெள்ளிக்கிழமைன்னா அங்க அவ்வளவு கூட்டம். சொத்து, வீடு, நிலம்னு வேண்டிக்கிட்டு வர்றவங்கதான் பாதிப் பேர்.

நானும் போனேன். நைட் ஷிப்ட் முடிச்சுட்டு, யூனிபார்மை மாத்தாம, வாராவாரம் வெள்ளிக்கிழமை. என் வேண்டுதல் ரொம்பத் தெளிவு: "ராஜாவுக்கு ஒரு நாட்டையே திருப்பிக் கொடுத்த. எனக்கு நாலு சென்ட். இந்த வியாபாரம் தட்டிப் போகணும்."

தட்டிப் போகல. ஒன்பதாவது வெள்ளிக்கிழமைக்கு முந்தின நாள் அட்வான்ஸ் கைமாறுச்சு.

இதை ஏன் மறைக்காம சொல்றேன்னா, நம்ம மாதிரி பக்கங்கள்ல "வேண்டினேன், மறுநாளே நடந்தது"ன்னு மட்டும்தான் பதிவு வரும். நடக்காதவங்க அதைப் படிச்சுட்டு, நம்ம பக்தியிலதான் ஏதோ குறைன்னு நினைச்சு மனசுக்குள்ள சுருங்கிப் போறாங்க. நானும் அப்படி ரெண்டு மாசம் கோயில் பக்கம் போகல. பஸ்ஸுல அந்த வளைவைத் தாண்டும்போது தலையைத் திருப்பிக்குவேன்.

*பதிவு அன்னைக்கு*

சார்பதிவாளர் அலுவலகத்துல டோக்கன் எடுத்து உட்கார்ந்திருந்தோம். பத்திரம் எழுதுறவர் வாசிச்சுக் காட்டினாரு. மாவடை, மரவடை, கிணறு, குடிநீர் இணைப்பு உட்படன்னு ஒவ்வொண்ணா. கொய்யா மரம் "மரவடை" ஆயிடுச்சு. அப்புறம் நான்கெல்லை. மேற்கே தெரு, வடக்கேயும் தெற்கேயும் பக்கத்து மனைங்க, கிழக்கே ஏரிக்கரை.

அதுவரைக்கும் பேசாம இருந்த அம்மா சட்டுன்னு கேட்டாங்க: "ஏரியையும் எழுதிட்டீங்களாங்க?"

அவரு கண்ணாடியை இறக்கிட்டுச் சொன்னாரு: "ஏரி எப்படிம்மா எழுத முடியும்? அது புறம்போக்கு. உங்க எல்லைக்கு அடையாளமா போட்டிருக்கேன், அவ்வளவுதான். அது உங்களுதும் இல்ல, வாங்குறவருதும் இல்ல."

அம்மா "ம்"னு சொன்னாங்க. கேமராவைப் பாத்தாங்க, கைரேகை வெச்சாங்க. தாத்தா பேர்ல இருந்த தாய்ப்பத்திரத்தை நான்தான் எடுத்து நீட்டினேன். அந்தப் பேரைப் பாருங்க, தாய்ப்பத்திரம். வெளிய வந்து டீ குடிச்சோம். யாரும் ஒண்ணும் பேசிக்கல.

*அதுக்கப்புறம்*

சிங்கபெருமாள்கோவில்ல மூணாவது மாடியில ஒரு வாடகை வீடு. கடன் அடைஞ்சுது, அது உண்மை. வட்டிக்காரர் போன் வரல. நிம்மதி வந்திருக்கணும். வந்தது வேற.

அம்மா விடியக்காலம் அஞ்சரைக்கு எழுந்து, பழக்கதோஷத்துல பின்பக்கம் போய் கதவைத் திறப்பாங்க. அங்க பால்கனி, கீழ கார் நிறுத்துற இடம். கொஞ்ச நேரம் நின்னுட்டு சாத்திடுவாங்க. நான் ராத்திரி போன்ல மேப்பைத் திறந்து எங்க வீட்டைப் பாப்பேன். மேல இருந்து எடுத்த படத்துல மொட்டை மாடியில எங்க நீலக் கலர் தண்ணி டிரம் இன்னும் தெரியும். விரலை வெச்சுப் பெருசாக்கிப் பெருசாக்கிப் பாப்பேன், படம் மங்கிப் போற வரைக்கும். தங்கச்சி பேசறதையே நிறுத்திட்டா. "இன்னும் ஒரு வருஷம் பொறுத்திருக்கலாம்"னு ஒரே ஒரு தடவை சொன்னா. அந்த ஒரு வரி எனக்கு ஆறு மாசம் போதுமானதா இருந்துச்சு.

இதுக்கு நடுவுல குடும்ப குரூப்ல ஒரு பார்வர்டு. பரம்பரை வீட்டை வித்தா பித்ரு சாபம், குலம் தழைக்காதுன்னு. அனுப்பினவங்க எங்களைக் குறி வெச்சு அனுப்பல, பாவம். ஆனா அன்னைக்கு அம்மா சாப்பிடல. சொந்தங்களே, தெரியாம ஷேர் பண்ற ஒரு மெசேஜ் ஒரு வீட்டுல சோத்துத் தட்டை நகர்த்தி வெச்சிடும். தயவுசெஞ்சு யோசிங்க. புருஷனோட வைத்தியக் கடனை அடைக்க வீட்டை வித்த ஒரு அம்மாவை எந்த முன்னோரும் சபிக்க மாட்டாங்க.

*முருகனோட முதல் வீடு*

நான் திரும்ப முருகன்கிட்ட வந்தது ஒரு கிருத்திகை அன்னைக்கு. வேலை விஷயமா காஞ்சிபுரம் போனவன், வெயிலுக்கு ஒதுங்குற மாதிரி குமரக்கோட்டத்துக்குள்ள போனேன். கச்சியப்ப சிவாச்சாரியார் கந்தபுராணம் எழுதி அரங்கேற்றின கோயில் அது. மண்டபத்துல ஒரு பெரியவர் நாலஞ்சு பேருக்குத் திரு அவதாரப் படலம் சொல்லிட்டிருந்தாரு. சின்ன வயசுல இருந்து நூறு தடவை கேட்ட கதை. அன்னைக்குத்தான் காதுல விழுந்துச்சு.

சிவபெருமானோட நெற்றிக்கண்ல இருந்து ஆறு பொறி. வாயுவும் அக்னியும் சுமந்துட்டுப் போய் கங்கையில விட்டாங்க. கங்கை தாங்க முடியாம சரவணப் பொய்கையில சேர்த்தா. நாணல் சூழ்ந்த குளம். தாமரை மேல ஆறு குழந்தைகள். கார்த்திகைப் பெண்கள் ஆறு பேர் வந்து பால் கொடுத்து வளர்த்தாங்க. அப்புறம் அம்மை பார்வதி வந்து ஆறு பிள்ளையையும் சேர்த்து அணைச்சா. ஆறுமுகம் ஆச்சு. கயிலைக்குக் கூட்டிட்டுப் போனாங்க.

அப்ப முருகனோட முதல் வீடு எது? கயிலை இல்ல, திருச்செந்தூர் இல்ல, பழனி இல்ல. ஒரு தண்ணிக்கரை. கண்ணைத் திறந்ததும் பாத்தது தண்ணியும் நாணலும்தான். முதல் பசி, முதல் பால், முதல் தூக்கம் எல்லாம் அங்க. அதை விட்டுட்டு அவன் போக வேண்டியிருந்துச்சு. பெத்தவங்க வந்து கூப்பிட்டாங்க, சூரபத்மன் காத்துட்டிருந்தான், வேலை இருந்துச்சு.

ஆனா போன பிறகு அவனுக்கு என்ன பேர் வந்துச்சுன்னு பாருங்க. *சரவணபவன்.* சரவணம்னா நாணல் காடு. நாணல் காட்டுல தோன்றினவன். ஜெயிச்ச ஊரை வெச்சு, கட்டின கோட்டையை வெச்சு அந்த மந்திரம் வரல. விட்டுட்டு வந்த குளத்தை வெச்சு வந்துச்சு. நாம தினமும் 108 தடவை சொல்ற ஆறெழுத்து, அவன் திரும்ப குடியிருக்கப் போகாத ஒரு தண்ணிக்கரையோட பேர்.

அந்த மண்டபத் தூண்ல சாஞ்சு உட்கார்ந்து நான் அழுதேன். தங்கச்சி, நீங்க கேட்ட கேள்விக்கு எனக்குக் கிடைச்ச பதில் இதுதான். கோவணத்தோட மலையில நின்ன அதே சாமிதான் தன்னோட முதல் வீட்டைப் பேர்ல சுமந்துட்டு நிக்கிறாரு. வீட்டை நினைச்சு அழுறது பக்திக்குக் குறைவுன்னா, சரவணபவன்னு சொல்றதும் குறைவாத்தான் இருக்கணும். இடத்தை விட்டாகணும். அதோட பேரை விடச் சொல்லி யாரும் கேக்கல, அவனும் கேக்கல.

*கைமாத்திக் கொடுத்தவங்க*

இப்ப ஆடிக்கிருத்திகைக்கு வர்றேன். இன்னைக்குத் திருத்தணியில புஷ்பக் காவடி ஆடுது, வல்லக்கோட்டையில வரிசை ரோடு வரைக்கும் நிக்குது. யாரை நினைச்சு இந்த நாள்? முருகனை வளர்த்த கார்த்திகைப் பெண்களைக் கௌரவிக்கிற நாள்னுதான் பெரியவங்க சொல்லியிருக்காங்க.

அந்த ஆறு பேரை யோசிச்சுப் பாருங்க. பெத்த பிள்ளை இல்ல. ஆனா பால் கொடுத்தாங்க, தாலாட்டினாங்க. உரிமைக்காரி வந்து நின்னதும் கையில இருந்ததைக் கொடுத்தாங்க. அன்னைக்கு அவங்க மடி எப்படி இருந்திருக்கும்? புராணம் அதை விரிச்சுச் சொல்லல. ஆனா சிவபெருமான் அதைக் கண்டுக்காம விடல. நீங்க வளர்த்ததால இவன் கார்த்திகேயன்னு பேர் பெறுவான், உங்க நட்சத்திரத்துல விரதம் இருக்கிறவங்களுக்கு வேண்டினது கிடைக்கும்னு வரம் கொடுத்தாரு. வளர்த்ததுக்கு அர்த்தம் இருக்கு, பிரிஞ்சதால அது அழியாதுன்னு வானத்துல எழுதி வெச்ச மாதிரி.

எங்க அப்பா அந்த வீட்டுக்கு முப்பது வருஷம் செஞ்சது எல்லாம் பத்திரத்தோட போயிடுச்சுன்னு நான் நினைச்சிட்டிருந்தேன். சாரல் அடிக்கிற அந்த ஜன்னல் பக்கத்துல உட்கார்ந்துதான் நான் டிப்ளமோ படிச்சேன். அது என்கிட்டதான் இருக்கு. அதை எந்தப் பதிவு அலுவலகத்துலயும் எழுதிக் கொடுக்க முடியாது.

*பழம் பங்கு போட முடியாதது*

இன்னொன்னும் சொல்லணும். வீடு விக்கும்போது வீட்டுக்காக அழுறவங்களைவிட, பங்குக்காக உடைஞ்சு போறவங்க அதிகம். ஞானப்பழக் கதை நமக்குத் தெரியும். பழத்தை அறுத்துப் பங்கு போடக் கூடாதுன்னு வந்தப்ப அண்ணன் தம்பிக்குப் போட்டி வந்துச்சு, ஒருத்தர் கோவிச்சுக்கிட்டு பழனிக்குப் போனாரு. தெய்வக் குடும்பத்துக்கே வந்தது. ஆனா அப்பா அம்மா பின்னாடியே போய் "பழம் நீயப்பா"ன்னு சொன்னாங்க. கூடப்பொறந்தவங்க கோவத்துல போனா நாமளும் பின்னாடி போகணும். நான் என் தங்கச்சி வேலை செய்யற இடத்து வாசல்ல போய் நின்னு, "நீ சொன்னது சரியாக்கூட இருக்கலாம்மா, எனக்கு அன்னைக்கு வேற வழி தெரியல"ன்னு சொன்னேன். அவ்வளவுதான் சொன்னேன். அவ பஸ் ஏறுற வரைக்கும் பேசல. ஏறின பிறகு ஜன்னல் வழியா "சாப்பிட்டியா"ன்னு கேட்டா.

*இது யாருக்கான பதிவு இல்ல*

ஒரு விஷயம் தெளிவா சொல்லிடறேன். நாங்க எங்க முடிவுல வித்தோம். நம்ம மாவட்டத்துலயே, பரந்தூர் விமான நிலையத் திட்டத்தை 2022-ல அறிவிச்சதுல இருந்து, வீடும் வயலும் ஏரியும் போகக் கூடாதுன்னு ஏகனாபுரம் மக்கள் போராடிட்டு இருக்காங்க. அவங்ககிட்ட போய் "எல்லாம் மாயை, பற்றை விடுங்க"ன்னு இந்தப் பதிவை யாரும் அனுப்பாதீங்க. விக்க மாட்டேன்னு சொல்ற உரிமை இருக்கிறவங்களுக்கு ஆன்மீகத்தைக் காட்டி வாயடைக்கிறது பக்தி ஆகாது. கையெழுத்து போட்டு முடிச்சுட்டு, ராத்திரி தூக்கம் வராம இருக்கிறவங்களுக்குத்தான் இதை எழுதறேன்.

*நாங்க செஞ்சது, செய்யத் தவறினது*

இது சாஸ்திரம் இல்ல. எங்க அனுபவம். உதவினா எடுத்துக்கங்க.

1. *கடைசி நாள் வீட்டை இருட்டுல விட்டுட்டு வராதீங்க.* காலி வீடா இருந்தாலும் கடைசி சாயங்காலம் ஒரு அகல் ஏத்தி, அது குளிர்ந்த பிறகு பூட்டினோம். ஒவ்வொரு ரூம்லயும் நின்னு, அங்க நடந்த ஒரு விஷயத்தை அம்மா சொன்னாங்க. அரை மணி நேரம்தான். அதைச் செய்யலைன்னா நான் இன்னும் மோசமாயிருப்பேன்.

2. *வேலை முதல்ல கொண்டு போங்க.* சாமான் வண்டிக்கு முன்னாடி வேல், முருகன் படம், குத்துவிளக்கு. புது இடம் வாடகை வீடா இருந்தா என்ன, பால் காய்ச்சுங்க. ஓனர் வீட்டுக்கும் ஒரு டம்ளர் கொடுங்க.

3. *உயிருள்ள ஒண்ணு எடுத்துட்டு வாங்க.* முருங்கையில ஒரு போத்து வெட்டி எடுத்துட்டு வந்தோம். தொட்டியில வரல. இந்த வீட்டு ஓனர் அம்மாகிட்ட கேட்டு மதில் ஓரம் நட்டோம், துளிர்த்துடுச்சு. இப்ப அந்தக் கீரை மூணு வீட்டுக்குப் போகுது.

4. *சத்தத்தைப் பதிவு பண்ணுங்க.* போட்டோ நிறைய இருக்கு. கலங்கல் சத்தம், தவளைச் சத்தம் என்கிட்ட இல்ல. இதுதான் நான் தவறவிட்டது.

5. *வாங்குறவருக்கு வீட்டைச் சொல்லிக் கொடுங்க.* எந்த மழைக்கு எந்தப் பக்கம் தண்ணி வரும், எந்த மூலையில பாம்பு வரும், மோட்டார் எப்ப மக்கர் பண்ணும். கோவத்துல நான் சொல்லாம வந்துட்டேன். அப்புறம் அம்மா போன் வாங்கி அவரே கூப்பிட்டுச் சொன்னாங்க. அதுக்கப்புறம்தான் அம்மாவுக்குத் தூக்கம் வந்துச்சுன்னு நினைக்கிறேன்.

6. *ராத்திரி மேப் பாக்காதீங்க.* சிரிக்காதீங்க, சத்தியமா சொல்றேன். பாக்கணும்னு தோணுறப்ப ஆறெழுத்தைச் சொல்லுங்க. அது அவனோட பழைய வீட்டு விலாசம்னு இப்ப உங்களுக்குத் தெரியும்.

7. *வாரக்கணக்குல சாப்பாடும் தூக்கமும் இல்லைன்னா டாக்டரைப் பாருங்க.* 14416, டெலி மானஸ் இலவச எண், தமிழ்லயும் பேசுவாங்க. வேலும் மயிலும் துணைதான். போன் எடுத்துப் பேசற மனுஷங்களும் அந்தத் துணையில ஒரு பங்குதான்.

*திரும்பப் போனேன்*

கார்த்திகை மாசம், நல்ல மழை முடிஞ்ச ஒரு ஞாயித்துக்கிழமை, அம்மா சொன்னாங்க: "ஏரி நம்ம பேர்லயும் இல்ல, அவர் பேர்லயும் இல்லைன்னு அந்தப் பத்திரக்காரர் சொன்னாருல்ல? அப்ப போய்ப் பாக்கலாமில்ல?"

அன்னைக்கு அந்த "ம்"முக்கு அர்த்தம் எனக்கு அப்பதான் புரிஞ்சுது.

பைக்ல போனோம். தெருவுக்குள்ள போகல, கரை வழியா போனோம். எங்க வீட்டுல மாடி மேல மாடி ஏறியிருக்கு, வரிசையா ரூம். வேலைக்கு வர்ற பசங்களுக்கு வாடகைக்கு. கொய்யா மரம் இல்ல. அது அடிவயித்துல இடிச்சுது, பொய் சொல்ல மாட்டேன். அம்மா கரையில சப்பணம் போட்டு உட்கார்ந்துட்டாங்க. கலங்கல் வழிஞ்சுட்டிருந்துச்சு. நாரை, நீர்க்காகம், தூரத்துல கோரையும் நாணலும்.

கொஞ்சம் தள்ளி ஒரு வடநாட்டுத் தம்பி, கம்பெனி யூனிபார்ம்ல, வீடியோ கால் பேசிட்டிருந்தான். நம்ம மாடி ரூம்ல குடியிருக்கிறவனாம், அப்புறம் சொன்னான். போனைத் திருப்பித் திருப்பி ஏரியைக் காட்டறான். அந்தப் பக்கம் அவங்க அம்மா போல. பாஷை புரியல. ஆனா என்ன சொல்றான்னு தெரிஞ்சுது. நானும் வேலையில சேர்ந்த புதுசுல வெளியூர் ட்ரெய்னிங் போயிருந்தப்ப, அப்பா இதே ஏரியைத்தான் எனக்கு வீடியோ கால்ல காட்டினாங்க.

எங்க அம்மா அவனைக் கூப்பிட்டு, தூக்குல இருந்த புளிசாதத்துல ஒரு பங்கு கொடுத்தாங்க. மாடியைக் கை காட்டி, மழை பெய்யற மாதிரி விரலை ஆட்டி, ஜன்னலைக் காட்டி, துணி மடிச்சு வைக்கிற மாதிரி சைகை பண்ணினாங்க. அவன் சிரிச்சுட்டுத் தலையாட்டினான். அவனுக்கு ஏற்கனவே தெரிஞ்சிருந்துச்சு.

வர்ற வழியில வல்லக்கோட்டைக்குப் போனோம். பகீரதனுக்கு நாடு திரும்பக் கிடைச்சுது. எங்களுக்கு வீடு கிடைக்கல, கிடைக்கவும் போறதில்ல. அதை நான் இப்ப முருகன்கிட்ட கேக்கிறதும் இல்ல. அந்தக் கோயிலுக்கு இன்னொரு கதை உண்டு. அருணகிரிநாதர் திருப்போரூர் தரிசனம் முடிச்சுட்டு திருத்தணி போக நினைச்சப்ப, முருகன் கனவுல வந்து, கோடைநகரை மறந்துட்டியேன்னு கேட்டாராம். கோடைநகர்னா வல்லக்கோட்டைதான். அதுக்கப்புறம்தான் அவர் இங்க வந்து திருப்புகழ் பாடினாராம். ஒரு ஊரை மறந்துட்டுப் போறியேன்னு சாமியே கேக்குற கதை அது. நம்மகிட்ட மட்டும் மறந்துடுன்னு சொல்லுவாரா?

தங்கச்சி, அடுத்த வாரம் தைரியமா போய்க் கையெழுத்து போடுங்க. அழுகை வந்தா அழுங்க. அம்மா கையைப் பிடிச்சுக்கங்க. இன்னைக்குச் சாயங்காலம் உங்க வீட்டுப் பின்கதவைத் திறந்து வெச்சு, தண்ணியைப் பாத்தபடி உட்கார்ந்து, ஆறு தடவை மட்டும் சொல்லுங்க. ஆறு கார்த்திகைப் பெண்களுக்கும் ஒவ்வொரு தடவை.

சரவணபவ.

இதைப் படிக்கிற மத்த சொந்தங்களும் இன்னைக்கு விளக்கேத்தும்போது, பேர் தெரியாத அந்தத் தங்கச்சி வீட்டுக்காக ஒரு தடவை சேர்த்துச் சொல்லிடுங்க. உங்க வட்டத்துல யாராவது இந்த நிலைமையில இருந்தா மட்டும் அனுப்புங்க. பத்துப் பேருக்கு அனுப்பினா நல்ல செய்தி வரும்னு எல்லாம் நான் சொல்ல மாட்டேன்.

வெற்றிவேல் முருகனுக்கு... அரோகரா! 🦚